ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஹார்டு குரோம் உரிக்க ஆசிட்டா, காஸ்டிக்கா?

கேள்வி: என் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்டில் ஹார்டு குரோம் (தேய்மானம் தாங்கப் போடும் தடித்த குரோம் பூச்சு) பெயர்ந்து வருகிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் முக்கினால் சீக்கிரம் போய்விடும் என்கிறார் பிளேட்டிங் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குரோம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஓரங்களில் தடிமனாகவும் நடுவில் மெல்லிசாகவும் இருக்கும். நடுப்பகுதி முதலில் வெளிப்பட்டுவிட, ஓரம் கரையும் வரை ஆசிட் அங்கே ஸ்டீலை அரித்துக்கொண்டிருக்கும். அந்த ஆசிட்டில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குண்டூசி முனை அளவுக் குழிகளைப் போட்டுவிடும். பாலிஷ் போட்டாலும் ஆழமான குழி மறையாது.

காஸ்டிக் சோடாக் கரைசலில், பிளேட்டிங்குக்கு எதிர்த்திசையில் மின்சாரம் கொடுத்து உரிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்குச் சுமார் 60 கிராம் காஸ்டிக், அறை வெப்பம், 3 முதல் 6 வோல்ட் டிசி. ஷாஃப்ட் பாசிட்டிவில், சாதாரண இரும்புத் தகடு நெகட்டிவில். குரோம் கரையக் கரையக் கரைசல் மஞ்சளாகும். ஸ்டீல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தண்ணீரில் குளோரைடு இருந்தால் இங்கேயும் குழி விழும், அதனால் உப்பு நீக்கிய தண்ணீர்தானா என்று கேளுங்கள்.

நேரத்தையும் கேளுங்கள். சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ. x 10 செ.மீ. பரப்புக்கு) 5 ஆம்பியர் கொடுத்தால், ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாவிட்டாலும் மணிக்குச் சுமார் 22 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் கரையாது. 100 மைக்ரான் பூச்சுக்கு நாலரை மணி நேரமாவது ஆகும். இதே மின்சார அளவில் அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றால் அது காஸ்டிக் வேலையாக இருக்காது.

கேள்வி: காஸ்டிக்கும் பேட்டரி சார்ஜரும் வைத்து வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோயை உண்டாக்கும். மின்சாரம் பாயும்போது எழும் நுண்துளிகளோடு அது மூச்சில் போகும். மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக இறக்கி, பிறகு காரமாக்கி வண்டலாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வசதியுள்ள கடைதான் சரி.

கேள்வி: உரித்தபின் அதே ஷாஃப்ட் பொருந்துமா?

பதில்: இரு பக்கமும் குறையும் என்பதை மறக்காதீர்கள். பூச்சு 50 மைக்ரான் என்றால் விட்டம் 0.1 மில்லிமீட்டர் சிறுக்கும், பேரிங்கில் லூசாகும். கொடுக்கும்முன் மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். குரோமுக்கு அடியில் மெல்லிய நிக்கல் இருந்தால் காஸ்டிக்கில் அது போகாது. அதையும் எடுக்க வேண்டுமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மீண்டும் குரோம் போடுவதானால், தேவைக்கு மேல் தடிமனாகப் போட்டு, கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 420, 17-4 பிஎச் போன்ற கடினமாக்கிய ரகமாக இருந்தால் ரகத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: குரோம் போடும்போது உள்ளே நுழையும் ஹைட்ரஜனால் அது விரிசல் விடலாம். பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டும். இது ஆர்டரில் எழுத்தாக இருக்கட்டும்.