நாலு கண்ணில் ஒரு கண்தான் திறக்கிறது: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கைப்பேசிக் கேமரா பற்றி எழுதுங்கள் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் நான் இருக்கும் கடை வரிசைக்கே நேரில் வந்து கடிதம் கொடுத்தவர்களும் உண்டு. பாதிக்கு மேல் ஒரே குறைதான்: வெளியிலிருந்து இறக்கிய கேமரா செயலி தன் கைப்பேசியில் சரியாக ஓடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் செட்டில் ஜிகேம் என்ற கேமரா செயலி திறந்ததும் மூடிக்கொள்கிறது. நண்பன் செட்டில் நன்றாக ஓடுகிறது. இரண்டும் ஒரே மாடல்தான்.
– இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பெட்டியில் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சாம்சங் எஸ்24 நம் மலேசியாவில் எக்சினோஸ் சில்லோடு (சில்தான் கைப்பேசியின் மூளை) வந்தது. அமெரிக்காவில் அதே எஸ்24, ஸ்னாப்டிராகன் சில்லோடு விற்றது. உங்களில் ஒருவர் ஏபி செட் (வெளிநாட்டுக்கென்று செய்ததைத் தனியாக இறக்கி விற்பது) வாங்கியிருந்தால் சில்லே வேறாக இருக்கலாம்.

ஜிகேம் என்பது கூகுள் தன் கைப்பேசிகளுக்காக எழுதிய செயலி. மற்றவற்றில் நாம் போடுவதெல்லாம் ஆர்வலர்கள் பிரித்துக் கட்டியவை. ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குவதுதான் அதன் திறமை. 2018-இல் வந்த இருட்டுப் படம் எடுக்கும் நைட் சைட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வெளிச் செயலிகள் கேமராவை இயக்குவதற்கான 'கேமரா2' என்ற வழியை உங்கள் கைப்பேசி எவ்வளவு திறந்துவிடுகிறதோ, அவ்வளவுதான் கிடைக்கும். 2014-இல் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்த வழி அது. லெகசி, லிமிடெட், ஃபுல், லெவல் 3 என்று கீழிருந்து மேலாக அதில் படிகள் உண்டு. 'கேமரா2 ஏபிஐ புரோப்' என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள். லெகசி என்று காட்டினால் நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபுல் அல்லது லெவல் 3 என்றால் உங்கள் சில்லுக்கும் ஆண்ட்ராய்டு எண்ணுக்கும் பொருந்தும் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

கேள்வி: ஜிகேம் போட ஆசை. புது ஹுவாவே வாங்கலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: ஜிகேமுக்காக என்றால் வேண்டாம். 2019 மே மாத அமெரிக்கத் தடையால், இப்போது புதிதாக வரும் ஹுவாவே கைப்பேசிகளில் கூகுள் சேவை கிடையாது.

கேள்வி: பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் படம் எடுக்க, நான்கு கேமரா என்று சொன்னதால் 1,099 வெள்ளிக்கு (ரிங்கிட்) கைப்பேசி வாங்கினேன். ஓப்பன் கேமரா என்ற வெளிச் செயலியில் ஒன்றுதான் தெரிகிறது. மற்ற மூன்றும் பழுதா?
– ஆசிரியை, கம்பார்

பதில்: பழுதில்லை டீச்சர், பூட்டி வைத்திருக்கிறார்கள். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேசியாக வேண்டும், பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் கோபம் இது.

தயாரிப்பாளர் தன் சொந்தக் கேமரா செயலிக்கு எல்லாக் கண்களையும் திறந்துவிடுகிறார். வெளிச் செயலி வந்து கேட்டால் முதன்மைக் கண்ணை மட்டும் காட்டுகிறார். சில கைப்பேசிகள் செயலியின் உள்பெயரைப் பார்க்கும். பட்டியலில் உள்ள பெயர் என்றால் திறக்கும், இல்லையென்றால் இல்லை. பல கேமராக்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் வழியை 2018-இல் ஆண்ட்ராய்டு 9 கொடுத்துவிட்டது. அதைத் திறப்பதும் திறக்காததும் தயாரிப்பாளர் விருப்பம். காசு கொடுத்தவர் நாம், சாவி அவரிடம்.

அந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள். மலிவு விலைக் கைப்பேசி என்றால் பெரும்பாலும் இரண்டு கண்கள் 2 மெகாபிக்சல்தான். ஒன்று பூச்சி புழுவைக் கிட்டத்தில் எடுக்க. இன்னொன்று தூரத்தை அளக்க மட்டும், அதில் உங்களால் தனியாகப் படமே எடுக்க முடியாது. ஆனால் பதாகையில் 'நான்கு கேமரா' என்று முழ நீளத்துக்கு எழுதியிருக்கும்.

எனக்கும் இது நடந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்காகவே அகலமாகப் படம்பிடிக்கும் கண் உள்ள கைப்பேசி ஒன்று வாங்கினேன். பல ஆண்டு பழகிய செயலியை அதில் போட்டுக்கொண்டு மணவறை முன் நின்றேன். கெட்டிமேளம் முழங்குகிறது, அகலத்துக்கு மாற்றும் பொத்தானைக் காணவில்லை. பின்னால் நகர்ந்தேன், நாதஸ்வரக்காரர் முழங்கை முதுகில் இடித்தது. அதற்கு மேல் நகர இடமில்லை. படத்தில் மாப்பிள்ளையின் தோளும் ஐயர் கையும் தாலியும் இருக்கின்றன. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்த அண்ணனும் அண்ணியும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் கைப்பேசியின் சொந்தச் செயலியைத் திறந்து, "எல்லாம் வேலை செய்யுதே" என்றார். வெளிச் செயலியில் எடுக்கத்தான் வாங்குகிறேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை, அதனால் அவரிடம் கேட்க எனக்கு வாயில்லை.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: ஓப்பன் கேமரா அமைப்புகளில் கேமரா2 ஏபிஐயைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஜூமை 1-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள். சில கைப்பேசிகளில் அகலக் கண் அப்படித் திறக்கும். திறக்காவிட்டால் போட்டி நாளில் சொந்தச் செயலியிலேயே எடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே அந்தச் செயலியை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக விரலால் மறைத்துப் பார்த்த பிறகு காசை எடுங்கள்.

கேள்வி: ஜிகேம் ஓடுமா என்று வாட்சாப்பில் கேட்டேன். "கண்டிப்பாக ஓடும்" என்று கடைக்காரர் எழுதினார். ஓடவில்லை. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று சுவரில் உள்ள பலகையைக் காட்டுகிறார்.
– வாசகர், கோல கங்சார்

பதில்: நீங்கள் செய்ததுதான் சரி, அந்த வாட்சாப்பை அழித்துவிடாதீர்கள். என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு. சுவரில் பலகை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 'பாரம் 1' என்ற படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் உரையாடலையும் அச்செடுத்துச் செல்லுங்கள். தயங்காதீர்கள்.

கேள்வி: பேஸ்புக் லைவில் 350 வெள்ளிக்கு ஒரு செட் எடுத்தேன். கேமரா ஆப் எதுவும் ஓடவில்லை. மாடல் பெயர் தெரியவில்லை. ரசீது இல்லை. விற்றவர் பக்கத்தையும் காணோம். இது மூன்றாவது தடவை. என்ன செய்யலாம்?
– வாசகர், பாகான் செராய்

பதில்: நான்காவது தடவை வாங்காதீர்கள். முதல் தடவையே எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கிறேன். பிளாட்ஃபார்மில் அடுக்கிய குலைகளைத் தேதி, நேரம், இடத்தோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கான ஆப் இடத்தை எங்கோ காட்டுகிறது. பக்கத்து டிவிஷனில் நின்று எடுத்தேன் என்கிறார் ஆபீஸ் கிராணி (எழுத்தர்). கம்பெனி ஆப்பில் படம் எடுக்கப் போனாலும் கைப்பேசியின் பழைய கேமராதான் திறக்கிறது.
– வாசகர், சுங்கை சிப்புட் அருகில்

பதில்: அண்ணே, உங்கள் மேல் தவறில்லை. கிராணியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஆண்ட்ராய்டு 12-இலிருந்து ஒரு செயலி இடம் கேட்கும்போது 'துல்லியமாக', 'தோராயமாக' என்று இரண்டு வாய்ப்பு வருகிறது. அவசரத்தில் தோராயத்தைத் தொட்டிருப்பீர்கள். அமைப்புகளில் அந்தச் செயலியின் இட அனுமதிக்குள் போய்த் துல்லியத்தை இயக்குங்கள். செம்பனை மட்டைக்கு அடியில் நிற்காமல் வானம் தெரியும் இடத்தில் சற்று நின்றுவிட்டு எடுங்கள். லைன் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் எண் விழும். ஊர்ப் பெயர் வரத்தான் லைன் வேண்டும்.

இரண்டாவது, 2020-இல் ஆண்ட்ராய்டு 11 கொண்டுவந்த மாற்றம். வேறொரு செயலி படம் கேட்டால் கைப்பேசியோடு வந்த கேமராதான் திறக்கும், நீங்கள் இறக்கியது திறக்காது. தேதி முத்திரைச் செயலியில் முதலில் எடுத்துக்கொண்டு, கம்பெனி செயலியில் கேலரியிலிருந்து ஏற்ற இடமிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைக் கம்பெனிதான் மாற்ற வேண்டும்.

கேள்வி: அழகுக் கேமரா ஆப்பை அழித்துவிட்டேன். வாரா வாரம் காசு போகிறது.
– கல்லூரி மாணவி, ஈப்போ

பதில்: செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்களுக்குள் போய், இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: பேரன் காதுகுத்துக்கு நல்ல படம் எடுக்கலாம் என்று, வாட்சாப்பில் வந்த கேமரா ஆப்பை இறக்கினேன். அது கேட்டதற்கெல்லாம் சரி என்று தொட்டேன். மறுநாள் வங்கியில் 2,300 வெள்ளி இல்லை. ரப்பர் பால்வெட்டிச் சேர்த்த காசு. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, தோட்டத்திலிருந்து

பதில்: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்களில்லை, அதை அனுப்பியவன். படம் எடுக்கக் கேமரா அனுமதி வேண்டும், அதைச் சேமிக்கச் சேமிப்பக அனுமதி வேண்டும், வீடியோவுக்கு மைக் வேண்டும். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எந்தக் கேமராவுக்கும் வேண்டாம். அதை வாங்கிக்கொண்டுதான் பணம் மாற்ற ஒப்புதலுக்காக வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டிஏசி எண்ணைத் திருடியிருக்கிறான்.

இதைப் படித்த உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். வங்கி எண் உங்கள் அட்டையின் பின்புறம் இருக்கிறது, அங்கேயும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். வந்த வாட்சாப்பை அழிக்காமல் வையுங்கள். போலீஸ் ரிப்போர்ட் போட வேண்டும். உங்களிடம் கைப்பேசி எண் வாங்காமல் விட்டுவிட்டேன், கடிதம் கொண்டுவந்த பையனும் தெரியாத பிள்ளை. சனிக்கிழமை காலை நான் இருக்கும் கடை வரிசைக்கு வாருங்கள், ஸ்டேஷனுக்கு நான் கூட வருகிறேன். பெரிய மகளிடம் மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.