அத்தனை நிலம் இருந்தும் ஸேசேன்யி பிரபுவுக்கு 10,000 ஃபோரின்ட் கடன் ஏன் கிடைக்கவில்லை?

“1825-ல் ஹங்கேரிய அறிவியல் அகாதமிக்கு 60,000 ஃபோரின்ட் தருவதாக அறிவித்தவருக்கு, 1828-ல் வெறும் 10,000 கடன் தர வியன்னா வங்கி மறுத்ததாம், நம்புகிற மாதிரியா இருக்கிறது?” என்று ஹங்கேரியச் சீர்திருத்தவாதி ஸேசேன்யி இஷ்த்வான் பிரபுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். நம்பலாம். அந்த 60,000 அவருடைய பண்ணைகளின் ஓராண்டு வருமானம். வங்கி கேட்டது ஜாமீன். அவர் நிலம் எவ்வளவு இருந்தும் ஜாமீனுக்கு உதவாது.

காரணம் 1351-ல் ஹங்கேரிய மன்னர் லாயோஷ் போட்ட சட்டம். ‘ஓஷிஷேக்’ என்பார்கள். பிரபுவின் பூர்வீக நிலம் குலத்துக்குச் சொந்தம், கையில் வைத்திருப்பவர் அனுபவிக்கலாம், அவ்வளவுதான். விற்க வேண்டுமானால் பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் பின்னால் அவர் வழக்குப் போட்டு விற்பனையைக் கலைக்கலாம். வாரிசே இல்லாமல் குலம் அற்றுப்போனால் நிலம் அரசுக்குப் போய்விடும்.

இப்போது கடன் கொடுப்பவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு புல்வெளியை ஈடாக வாங்கிப் பணம் கொடுக்கிறீர்கள். கடன் திரும்பவில்லை. ஏலம் விட்டால் வாங்க ஆள் வரமாட்டான், பங்காளி வழக்கோடு வருவான் என்ற பயம். சரி, நிலத்தையே போக்கியமாக வைத்துக்கொள்கிறீர்கள். பல வருஷம் கழித்துக் கடனாளியின் பேரன் வந்து அசல் பணத்தை நீட்டி மீட்டுக்கொண்டு போவான். இடையில் நீங்கள் வெட்டிய வடிகாலுக்கும் கட்டிய தொழுவத்துக்கும் தனி வழக்கு. வில்லங்கம் பார்க்கலாம் என்றால், நிலவாரியான பதிவேடு வந்ததே 1850-களில்தான். வட்டி எவ்வளவு வைத்தாலும் இந்தக் கணக்கு கட்டாது.

வருமானமும் ரொக்கமாக வருவது குறைவு. மரியா தெரேசா அரசி 1767-ல் கொண்டுவந்த, குடியானவரின் கடமைகளை வரையறுத்த ‘உர்பாரியம்’ விதிப்படி, முழுப் பங்கு நிலம் வைத்திருக்கும் குடியானவன் வருஷத்துக்கு 52 நாள் தன் மாட்டோடு, அல்லது 104 நாள் வெறுங்கையோடு, பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். விளைச்சலில் ஒன்பதில் ஒரு பங்கு பிரபுவுக்கு. கட்டாய உழைப்பென்றால் எப்படி இருக்கும்? நோஞ்சான் மாடு, தேய்ந்த கலப்பை, பொழுது போனால் சரி. கூலி கொடுத்து வாங்கும் வேலைதான் லாபம் என்று ஸேசேன்யியே வாதாடினார்.

வங்கி மறுத்த கோபத்தில் 1830-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘ஹிடெல்’, அதாவது கடன். சொத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் சட்டமே சொத்தை முடக்குகிறது என்பது அதன் சாரம். அவரை மகான் ஆக்குகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். பிரபுத்துவம் பிழைக்க வேண்டும் என்ற கவலையும் அதில் இருந்தது. ஓஷிஷேக்கை 1848-ல் கொள்கையளவில் ஒழித்தார்கள், நடைமுறைக்கு வந்தது 1852 அரசாணையில்தான். அதற்குள் அவர் வியன்னா அருகே டோப்லிங் மனநல விடுதியில் இருந்தார். 1860-ல் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்.

குடும்பம் பற்றியும் கேட்டீர்கள். மனைவி கிரெஸென்ஸ், ஏழு பிள்ளை பெற்ற விதவை. பல வருஷம் காத்திருந்து 1836-ல் கட்டினார். மகன்கள் இருவர். சின்னவர் ஓடோன், இஸ்தான்புல்லில் தீயணைப்புப் படை அமைத்துக் கொடுத்து, இஸ்லாத்துக்கு மதம் மாறாமலே ‘பாஷா’ என்ற உயர்ந்த துருக்கிய அரசுப் பட்டம் பெற்றார். பெரியவர் பேலா 1877-ல் ஆசியாவுக்குப் பயணம் கிளம்பினார். கூட வந்த மொழியறிஞர் பாலின்ட் காபோர் உடல்நலம் கெட்டு நடுவழியில் பிரிந்தார். தமிழ் கற்றவர் அவர். தமிழுக்கும் ஹங்கேரியத்துக்கும் உறவு உண்டென்று எழுதியவரும் அவர்தான்.

இதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் படுத்தும் பாடு தனிக்கதை. ஹங்கேரியத்தில் ‘அபா’ என்றால் அப்பாவாம், ஆகவே அவர்களும் தமிழர்களாம்! மொழியியலார் ஹங்கேரியத்தை ஃபின்னிஷ், எஸ்தோனியம் இருக்கும் உராலிக் குடும்பத்தில் வைத்து எவ்வளவோ காலமாகிறது. இன்னொரு எரிச்சல்: அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும், ஸேசேன்யி இஷ்த்வான் என்று. வெறும் ‘ஸேசேன்யி’ என்று எழுதிவிட்டு அப்பாவையும் மகனையும் ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். 1802-ல் நூலகத்தைத் தானம் செய்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழிசெய்தவர் இஷ்த்வானின் அப்பா ஃபெரென்ட்ஸ். அகாதமி மகன் இஷ்த்வானுடையது. விடைத்தாளில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.