கூரையில் ஏறி இறங்குவதுதான் பொறியியலா?

கேள்வி: மின் பொறியியல் முடித்துவிட்டுத் திருகோணமலையில் ஒரு சோலார் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். கூரையை அளப்பது, மின்சார சபைப் படிவம் நிரப்புவது, பனல் பூட்டுவது, அடுத்த வீட்டுக்குப் போவது. படித்ததற்கு வேலையே இல்லை. கூடப் படித்தவர்கள் கட்டாரிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். நானும் போகத்தான் வேண்டுமா?
— வாசகர், உவர்மலை

பதில்: போவதா நிற்பதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. சலிப்புக்குக் காரணம் வேறு. பூட்டிய தொகுதி பிறகு என்ன ஆனது என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்துக் கூரைகளின் பராமரிப்பை ஒரு வருடத்துக்கு உங்களிடம் விடும்படி நிறுவனத்தைக் கேளுங்கள். 20 கிலோவாட் தொகுதி, நல்ல வெயில் 5 மணிநேரம், இழப்புப் போக 0.8 என்று வைத்தால் நாளுக்கு 80 யூனிட் வரவேண்டும். 60தான் வருகிறதென்றால் உங்கள் படிப்புக்கு வேலை வந்துவிட்டது.

நிலாவெளிப் பக்கம் அடிக்கடி வரும் முறைப்பாட்டையே பாருங்கள். காலையில் இன்வெர்ட்டர் (பனலின் நேரோட்டத்தை, அதாவது டிசியை, வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) காப்புத்தடைப் பிழை, அதாவது மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை, காட்டி நிற்கும். ஒன்பது மணிக்குத் தானாக ஓடும். பனல் வயர்களைச் சேர்க்கும் இணைப்பியில் உப்புப் படிந்து, அதில் பனி ஈரம் இறங்கி நிலத்துக்குக் கசிவதுதான் பெரும்பாலும் காரணம். வெயில் ஏறினால் தடயமே இருக்காது, ஆகவே விடிந்ததும் போகவேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஆளியைத் துண்டித்து, 1000 வோல்ட் தாங்கும் மீற்றரால் தொடராக இணைத்த ஒவ்வொரு பனல் வரிசையிலும் நேர்முனையிலிருந்து நிலத்துக்கும் எதிர்முனையிலிருந்து நிலத்துக்கும் அளந்து பாருங்கள். குறையில்லாத வரிசையில் இரண்டும் பூச்சியத்தை நோக்கி இறங்கும். 40 வோல்ட் பனல் 20 உள்ள வரிசையில் நேர்முனைப் பக்கம் 600, எதிர்முனைப் பக்கம் 200 என்று நின்றால், 200 என்பது ஐந்து பனல், ஆகவே எதிர்முனையிலிருந்து ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் கசிவு. ஈரம் குறைவாக இருந்து இரண்டும் 450, 150 என்று இறங்கினாலும் விகிதம் அதேதான். அங்கே போனால் அநேகமாக இரண்டு வேறு கம்பனி இணைப்பிகளைச் சேர்த்துச் செருகியிருப்பார்கள், அல்லது வயர் தகரத்தில் உரசியிருக்கும். மின்னோட்டம் ஓடும்போது மட்டும் இணைப்பியை இழுக்கவேண்டாம். டிசி தீப்பொறி இலகுவில் அணையாது.

இதைவிடப் பெரிய கேள்விகளும் இதே வேலைக்குள் இருக்கின்றன. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருளானபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதுதான் காரணம் என்றதைக் கேட்டுச் சிரித்தோம். அது ஞாயிறு நண்பகல்: தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய மின்நிலையச் சுழலிகள் குறைவு. அதனால்தான் ஒரு சிறு குழப்பம் தீவு முழுவதையும் விழுத்தியது. சம்பூரில் திட்டமிட்டுள்ள 120 மெகாவாட் சூரிய மின்சாரமும் பகலில்தான் வரும். மின்கலச் சேமிப்பு, இன்வெர்ட்டரின் அதிர்வெண் அமைப்பு, பாதுகாப்பு ரிலே (பிழை வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி), இந்த மூன்றில் ஒன்றை ஆழமாகப் பிடியுங்கள். பொறியியல் பேரவைப் பதிவு இல்லாவிட்டால் அதையும் முடியுங்கள்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. எரிசக்தித் துறை என்றால் மின் பொறியியல் மட்டுந்தானா?
— வாசகி, கிண்ணியா

பதில்: இல்லை. பஸ்ஸில் போகும்போது சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டுங்கள். பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகள். அவற்றில் 61 ஐப் புதுப்பிக்க 2022 இல் உடன்படிக்கையானது. அடித்தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்று மீயொலியால் தடிப்பு அளப்பது இயந்திரப் பொறியியலாளர். அத்திவாரம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது குடிசார் பொறியியலாளர். தாழ்ந்த தாங்கியில் எண்ணெய் நிரப்பினால் சுவரும் அடித்தகடும் சேரும் ஒட்டில்தான் முதலில் வெடிப்பு வரும்.