கொறங்காடு தரிசு இல்லை

அன்புள்ள அய்யா,

கல்லூரி முடித்த நண்பர்கள் சேர்ந்து, காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தை கார்பன் குறைந்த ஊராக மாற்ற உழைக்கிறோம். சொந்தமாகக் காற்றாலை வாங்கிய ஓடந்துறை ஊராட்சிதான் எங்களுக்கு முன்மாதிரி. சூரிய விளக்கு, உரக்குழி எல்லாம் நடக்கிறது. ஊருக்கு மேற்கே தரிசாகக் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் 1000 கன்று நடத் திட்டம், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்கள் பிடிகொடுக்கவில்லை. 30 பேராக இருந்த நாங்கள் இப்போது 11 பேர். தன்னார்வலர்களைத் தக்கவைப்பது எப்படி?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளை நினைத்தாலே மனசு நிறைகிறது. 11 பேர் போதும், வருத்தப்படாதே. விளக்கும் உரக்குழியும் நடக்கட்டும்.

ஆனால் 'தரிசு' என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் தாராபுரம் ரோட்டில் ஒரு கிளுவை வேலியை பொக்லைன் வைத்துப் பிடுங்குவதைப் பார்த்தேன். அதிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது.

நீ தரிசு என்கிற அந்த மேய்ச்சல் நிலம் கொறங்காடு, அம்மிணி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். காங்கயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான்.

வெள்ளகோவில் பக்கம் என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஆறு ஏக்கர் கொறங்காடு இருந்தது. ஒரு ஆடியில் புல்லெல்லாம் காய்ந்து நரைத்துக் கிடந்தது. "எல்லாம் செத்துப்போச்சுங்களா அப்புச்சி?" என்றேன். கடப்பாரையால் ஒரு தூரைப் பெயர்த்துக் காட்டினார். மேலே ஒரு சாண் சருகு. கீழே முழங்கை நீளத்துக்கு வேர், இழைக்கு இழை செம்மண் ஒட்டிக்கொண்டு. "புல்லு கீழதான் இருக்குது சாமி" என்றார். மழை குறைந்த மேய்ச்சல் நிலத்தில் கார்பன் பெரும்பாலும் அந்த வேரிலும் மண்ணிலும்தான் சேர்ந்திருக்கிறது. மண்ணைக் கிளறினால் அது காற்றோடு போகும். அப்புறம் கன்றுக்கு டேங்கரில் தண்ணி ஊற்றுவீர்கள். அந்த டீசலைக் கணக்கில் எழுதினீர்களா?

அப்புச்சி போனபிறகு மரம் நடுகிறோம் என்று ஒரு அமைப்பு வந்தது. சரி என்று சொன்னது நான்தான். பொக்லைன் உள்ளே வர நாற்பது அடி வேலியைப் பிடுங்கினார்கள். பங்குனிக்குள் கன்றெல்லாம் கருகிவிட்டது. குழி வெட்டிய இடத்திலெல்லாம் பார்த்தீனியக் களை முளைத்தது. புல் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. உன் ஊர்க் காட்டுக்காரர்கள் விவரம் தெரியாமல் பிடிகொடுக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே.

ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது பெரிய வேலைதான். ஆனால் தண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வந்த கரண்ட் பில்லைக் கட்டி மாளாமல்தான் அங்கே அந்த யோசனையே வந்தது. உங்கள் 1000 கன்று யாருடைய கஷ்டத்திலிருந்து வந்தது?

வருகிற ஞாயிறு கன்று கொண்டுபோக வேண்டாம். காட்டைச் சுற்றி நடந்து, வேலியில் எங்கெங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கிளுவைப் போத்து எந்த மாசம் வெட்டி நடுவது என்று காட்டுக்காரரிடமே கேளுங்கள். வேலி அடைக்க ஆள் கிடைக்காமல்தான் பலர் கம்பி வேலிக்குப் போகிறார்கள். 11 பேர் சேர்ந்தால் ஒரு காட்டு வேலியை ஒரே பருவத்தில் அடைத்துவிடலாம். நானும் வருகிறேன். போகும்போது எங்கள் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.