பழைய ஜீப்: விலை கம்மி, சாமான் செலவு எப்படி? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1999 மாடல் மஹிந்திரா எம்.எம்.540, டீசல், ஃபோர் வீல் டிரைவ். இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறார்கள். மலைத் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும். "பழைய ஜீப்புக்குச் சாமான் மலிவு, எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – போடி வாசகர்

சாமான் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து வண்டிச் செலவும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். முன் ஆக்ஸிலில் இருக்கும் கிங்பின் (ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன் வீல் திரும்பும் அச்சு) பேரிங்கை எடுத்துக்கொள்வோம். பேரிங்கின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதை மாற்ற வீல், ஹப், பிரேக், ஆக்ஸில் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். கழற்றினால் சீல் புதிது, கேஸ்கெட் புதிது, கிரீஸ் புதிது, ஒரு நாள் கூலி வேறு. டூப்ளிகேட் பேரிங் போட்டிருந்தால் சில மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். ஒரே இடத்தை எத்தனை தடவை பிரிக்கிறார்கள் என்பதில்தான் பழைய ஜீப்பின் செலவு இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருக்க வேண்டியது பியூஜோ வழி வந்த எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் என்ஜின், 2112 சிசி. "இருக்க வேண்டியது" என்கிறேன், ஏனென்றால் இத்தனை வயதான ஜீப்பில் வேறு என்ஜின் உட்கார்ந்திருப்பது சாதாரணம். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் பிளாக்கில் வெட்டியிருக்கும் எண்ணையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புகை குபுகுபு என்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன, ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலை) செலவு காத்திருக்கிறது. பொதுவாக என்ஜினுக்கு நான் அதிகம் பயப்பட மாட்டேன். நல்ல லேத்துக்காரர் கிடைத்தால் அதை எழுப்பிவிடலாம்.

பயப்பட வேண்டியது கீழே. முன் வீலை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ கிங்பின்னோ போயிருக்கிறது. நேர்ரோட்டில் ஐம்பது, அறுபது வேகத்தில் ஸ்டீரிங் தடதடவென்று உதறினாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு வந்தால் அதற்குள் இருக்கும் பல் சக்கர ஜோடியான கிரவுன் பினியன் கடிபட்டிருக்கிறது. ஃபோர் வீலை மண் தரையில்தான் சோதிக்க வேண்டும், காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது. தார் ரோட்டில் டயர் வழுக்காது, முன் பின் வீல்களுக்கு இடையே வரும் முறுக்கு முழுவதும் கியர்கள் மேல்தான் ஏறும். "தார் ரோட்டிலேயே போட்டுக் காட்டுறேன் பாருங்க" என்று விற்பவர் சொன்னால், அவர் இத்தனை வருடம் வண்டியை எப்படி ஓட்டினார் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் பேப்பர். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் வீதம் சேரும். இதையெல்லாம் விற்பவர் முடித்துக் கொடுத்தால்தான் முழு விலை என்று பேசுங்கள். என் கணிப்பில், கேட்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருந்தால் வாங்கலாம். கையில் இருப்பது இரண்டு அறுபது மட்டும்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: ஜீப்புக்கு எந்தச் சாமானைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்? சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போனால் தலை சுற்றுகிறது. – தாம்பரம் வாசகர்

இரும்பாக, வார்ப்பாக, உள்ளே தேய்மானம் இல்லாததாக இருந்தால் பழையது போதும். ஆக்ஸில் குழாய், கியர் பாக்ஸ் கூடு, டிரான்ஸ்ஃபர் கேஸ் கூடு, பம்பர், ரிம், கதவு, சீட் சட்டம். பழைய கம்பெனி வார்ப்பு இன்றைய லோக்கல் வார்ப்பைவிடப் பல நேரம் கெட்டியாகவே இருக்கும். ரப்பர், சீல், பேரிங், கிளட்ச் பிளேட், டை ராட் எண்ட், பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும் பழையதில் கூடாது. பிரேக் சிலிண்டரைக் கழுவி, பெயிண்ட் அடித்து, "புதுசு மாதிரி" என்று நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

கிரவுன் பினியனில் மட்டும் நிதானம் வேண்டும். அது ஜோடியாகவே பிறந்தது, ஜோடியாகவே வாங்க வேண்டும். கூடவே பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 43, பினியனில் 8 என்றால் விகிதம் 5.38. 39-க்கு 8 என்றால் 4.88. பின்னால் ஒரு விகிதமும் முன்னால் வேறு விகிதமும் போட்டுவிட்டு ஃபோர் வீலைத் தள்ளினால், முன் பின் வீல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கியர் உடையும். டூ வீல் டிரைவில் ஓட்டும்வரை தவறு வெளியே தெரியாது என்பதால் பலர் இதில் மாட்டுகிறார்கள்.

புதிய சாமானில் வண்டிக் கம்பெனி டப்பாதான் வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை. டீசல் பம்பு பாஷ் (பழைய மெக்கானிக்குகளுக்கு இன்னமும் "மைக்கோ"), ஸ்டார்ட்டர் லூகாஸ் டிவிஎஸ் என்று, அந்தச் சாமானையே செய்யும் கம்பெனியின் சொந்த டப்பாவில் வாங்கினால் போதும். டப்பாவில் எம்.ஆர்.பி., தயாரித்தவர் பெயர், மாதம், வருடம் இருக்கிறதா பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 28 போட்ட பில்லை நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். ஒன்று ஜீப் விலைக்கே வருகிறது. ஆசையாக இருக்கிறது. – சேலம் வாசகர்

ஆசை நியாயம். நம் திருவள்ளூரில் பாகங்களைப் பூட்டித் தயாரித்த வண்டி அது. ஆனால் அந்த மிட்சுபிஷி கம்பெனி இங்கே கடையைக் கட்டிவிட்டது. 2.8 லிட்டர் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் சாமான் தேடினால் பாதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். மலிவாக வருவதற்குக் காரணமே அதுதான். இன்னொரு வண்டி கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அதே பணத்துக்கு மாருதி ஜிப்ஸி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். 1.3 லிட்டர் என்ஜின் எஸ்டீம் காரின் குடும்பம், ராணுவத்திலும் ஏராளமாக ஓடிய வண்டி, அதனால் சாமான் நடமாட்டம் உண்டு. டீசலில்தான் வேண்டும் என்றால் 2010-க்குப் பின் வந்த மஹிந்திரா தார் டி.ஐ. பாருங்கள். அதன் 2523 சிசி என்ஜினின் உறவுக்காரர்கள் பொலேரோ பிக்கப்பில் ஊரெங்கும் ஓடுகிறார்கள்.

கேள்வி: டெல்லிப் பதிவுத் தார், 2014 மாடல், இங்குள்ள விலையைவிட மிகக் குறைவு. – கோவை வாசகர்

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் மீது 2015 முதல் இருக்கும் கெடுபிடிதான் காரணம். வண்டி நல்லதாகவும் இருக்கலாம். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, கடன் பாக்கி, அபராதம் ஏதும் இல்லை என்று பார்த்து, இங்கே ஆயுள் வரி கட்டி, 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். லாரி வாடகை, வரி, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு விலையை ஒப்பிடுங்கள். மிச்சம் ரொம்பச் சின்னதாகிவிடும். தடையில்லாச் சான்று கைக்கு வருமுன் முழுப் பணம் தராதீர்கள்.

ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலியில் கட்டிய ஜீப்புகளையும் சிலர் இதே மூச்சில் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கம்பெனி வடிவமைப்பிலிருந்து மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. யாரோ ஒருவருடைய பழைய ஆர்.சி.யை ஒட்டவைத்த ஜீப்பில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அந்த ஆர்.சி.யைத்தான் பிடிக்கும்.

கேள்வி: மெக்கானிக்கே கிளட்ச் செட் வாங்கிப் போட்டார். பில் இல்லை. மூன்று வாரத்தில் வழுக்குகிறது. "நீங்க ஓட்டின விதம்" என்கிறார். – திண்டுக்கல் வாசகர்

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நீங்கள் இன்னும் அதற்குள் இருக்கலாம், அதனால் இன்றே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. பணம் ஜிபே-யில் போயிருந்தால் அந்தப் பதிவே உங்கள் சாட்சி. கிளட்சைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பிளேட்டைப் படம் எடுங்கள், பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட்டில் எண்ணெய் இருந்தால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் மூடியது அவர் வேலைக் குறை, ஓட்டின விதம் இல்லை. எண்ணெய் இல்லாமல் பிளேட் மட்டும் கருகியிருந்தால், மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று உங்களையே கேட்டுக்கொண்டு பிறகு சண்டைக்குப் போங்கள்.

அதன்பிறகும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.