விலை குறைவானது பக்கத்திலேயே இருந்தும் விலை கூடியது ஏன் விற்கிறது?

எலக்ட்ரானிக்ஸ் சாதனங்களில் மலிவானது கிடைத்தும், மக்கள் ஏன் அழகுக்கும் வசதிக்கும் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல உதாரணம் ஐபாட் மினி, அதாவது ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியான ஐபாடின் சிறிய வடிவம்.

2004 ஜனவரியில் ஆப்பிள் அதை அறிவித்தபோது விலை 249 டாலர், கொள்ளளவு வெறும் 4 ஜிபி. இன்னும் 50 டாலர் போட்டால் 15 ஜிபி உள்ள பெரிய ஐபாடே கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்த பலர் இது போணியாகாது என்றார்கள். நடந்தது வேறு. அமெரிக்காவிலேயே அவ்வளவு கிராக்கி. ஏப்ரலில் மற்ற நாடுகளுக்கு வர வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது.

சரி, அதில் அப்படி என்ன இருந்தது? ஓரம் வளைந்த அலுமினிய உடல், ஐந்து நிறங்கள், சட்டைப் பையில் துருத்தாத அளவு. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய விஷயம், திரைக்குக் கீழே விரலால் தடவி இயக்கும் அந்த வட்டச் சக்கரம்தான். முந்தைய ஐபாடில் பொத்தான்கள் திரைக்குக் கீழே தனி வரிசையாக இருந்தன. மினியில் அவை சக்கரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. கட்டைவிரலைச் சுழற்றினால் பாட்டுப் பட்டியல் ஓடும். ஓரத்தில் அழுத்தினால் அடுத்த பாட்டு. பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட வேண்டாம்.

ஜிபி கணக்கு கடையில் நிற்கும்போது மட்டுமே பெரிதாகத் தெரியும். அப்புறம் தினமும் பழகப்போவது விரல்தான். பொத்தானைத் தேடித் தடுமாற வைக்கும் கருவி, எவ்வளவு மலிவாக இருந்தாலும், சில வாரங்களில் மேஜை இழுப்பறைக்குப் போய்விடும்.

இது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பென்டிரைவ் வாங்கும்போது நானும் விலையைத்தான் முதலில் பார்க்கிறேன். சொருகினால் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.