பேஷண்டைக் கிட்டே இழுங்கள், கையை நீட்டாதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் ஆறு வருடமாக எக்கோ (இதய ஸ்கேன்) டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 33. ஒரு நாளைக்கு 25 எக்கோவுக்குக் குறையாது. எட்டு மாதமாக வலது தோள்பட்டையில் வலி. இப்போது ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. மேனேஜரிடம் சொன்னால் "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்கிறார். ஏதாவது உடற்பயிற்சி சொல்லுங்கள். இல்லை, வேலையையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். உடற்பயிற்சியைக் கடைசியில்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் காலையில் பத்து நிமிடம் பயிற்சி செய்துவிட்டு அதே கட்டில், அதே நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

உங்கள் மேனேஜர் சொன்னது பொய் இல்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஸ்கேன் எடுப்பவர்களில் 90 சதவீதம் பேர் வலியோடுதான் வேலை பார்க்கிறோம் என்றார்கள். நூற்றில் தொண்ணூறு பேருக்கு வலி என்றால் தொண்ணூறு தோளையும் குறை சொல்லி என்ன செய்வது? கட்டிலையும் நாற்காலியையும்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் தோள்வலி என்றால் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவருக்கு வருவது என்று ஒரு நினைப்பு. மார்பில் வைத்து நகர்த்தும் அந்த ஸ்கேன் கருவி, அதாவது ப்ரோப், என்ன கனம் இருக்கும், ஒரு டம்ளர் காபி அளவு. ஆனால் மூட்டை தூக்குகிறவர் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். நீங்கள் பத்துப் பதினைந்து நிமிடம் கையை அந்தரத்தில் அசையாமல் பிடித்திருக்கிறீர்கள். அப்படி இறுகியே இருக்கும் தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் குறையும், தசை சீக்கிரம் களைக்கும். களைத்த தோளோடு கையைப் பக்கவாட்டில் தூக்கினால், தோள்பட்டை எலும்புக்கு அடியில் போகும் தசைநாண் நசுங்கும். ஒரு நாள் நசுங்கினால் ஒன்றுமில்லை. ஆறு வருடம்!

சென்ற வருடம் வடசென்னையிலேயே ஒரு சென்டரில், அவர்கள் அனுமதியோடு, ஒரு மதியம் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பேஷண்ட் இடது பக்கம் ஒருக்களித்து, கட்டிலின் அந்தப் பக்க ஓரத்துக்கே போய்ப் படுத்திருக்கிறார். டெக்னீஷியன் முதுகுப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கட்டில் உயரம், நாற்காலி தாழ்வு. வலது கையைப் பேஷண்டுக்கு மேலே வளைத்து அந்தப் பக்க மார்புக்குக் கொண்டுபோகிறார்; தோள் காதைத் தொடுகிறது. ப்ரோப் வயரைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருக்கிறார். இடது கை கீபோர்டில், கழுத்து மானிட்டர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஏழு பேஷண்ட் வந்து போனார்கள். நாற்காலி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

நீங்களும் ஏறக்குறைய இப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். சந்தேகமாக இருந்தால் உடன் வேலை செய்பவரிடம் சொல்லி, ஸ்கேன் எடுக்கும்போது பின்னாலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பேஷண்ட் முகம் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் கைக்கும் விலாவுக்கும் நடுவில் உள்ள கோணம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கோணம் அளக்க வராதா, அக்குளில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். துண்டு கீழே விழுந்தால் கை அதிகமாகத் தூக்கியிருக்கிறது.

சரி, என்ன மாற்றுவது? முதலில் பேஷண்ட். ஜெல் போடுவதற்கு முன்னால் "அம்மா, என் பக்கம் நல்லா ஒட்டி வாங்க" என்று சொல்லுங்கள். அவர் முதுகு உங்கள் இடுப்பில் உரசும் அளவுக்கு வரவேண்டும். நிறைய டெக்னீஷியன்கள் வயதானவர்களை நகரச் சொல்லக் கூச்சப்பட்டுத் தாங்களே எட்டிப் போகிறார்கள். அந்தக் கூச்சம்தான் ஆறு வருடம் கழித்துத் தோளில் வலிக்கிறது. அப்புறம் உயரம். கட்டிலை இறக்க முடியாவிட்டால் நீங்கள் ஏறுங்கள்: உயரம் மாற்றும் ஸ்டூல், கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு மணைப்பலகை. முழங்கை பேஷண்டின் மார்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. முன்கை அந்தரத்தில் நிற்காமல், சுருட்டிய துண்டின் மேலோ பேஷண்டின் விலாவின் மேலோ லேசாகச் சாய்ந்திருக்கட்டும். பேஷண்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வயரைக் கழுத்தில் போடாதீர்கள். அதன் இழுப்பை உங்கள் கழுத்தும் மணிக்கட்டும்தான் தாங்குகின்றன. முன்கையில் ஒரு வெல்க்ரோ பட்டை சுற்றி அதில் செருகிக்கொள்ளலாம். மானிட்டர் கண்ணுக்கு நேரே, ஒரு கை தூரத்தில்.

அடுத்து மணிக்கட்டு. நீங்கள் சொன்ன மூன்று விரல் கணக்கும், ராத்திரி உதறினால் சரியாவதும் கார்பல் டனல் பிரச்சினைக்கு அப்படியே பொருந்துகின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாக நரம்பு போகிறது. மணிக்கட்டை மடக்கி, விரலால் இறுக்கிப் பிடிக்கும்போது அங்கே அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் நுனியிலிருந்து எடுக்கும் படங்களுக்குத்தான் மணிக்கட்டு மிக மோசமாக மடங்குகிறது, ஏனென்றால் மெத்தை தடுக்கிறது. எக்கோவுக்கென்று வரும் கட்டிலில் மெத்தையின் ஒரு துண்டு கீழே இறங்கும். உங்களிடம் அது இல்லாவிட்டால், பேஷண்டின் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துக் அவரைக் கொஞ்சம் மல்லாக்கச் சாய்த்துவிடுங்கள், கை நுழைய இடம் கிடைக்கும். ப்ரோபைப் பேனா மாதிரி விரல்நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடியுங்கள். இன்னொன்று, சின்ன விஷயம்தான்: கையுறையில் ஜெல் வழிந்தால் ப்ரோப் வழுக்கும், வழுக்கினால் தெரியாமலே இரண்டு மடங்கு இறுக்குவீர்கள். மடியில் ஒரு துண்டு வைத்து அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

இடது கையால் எக்கோ எடுக்கக் கற்றுக்கொள்வது நல்லது. பேஷண்டுக்கு எதிரில், அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எட்ட வேண்டியதே இல்லை. பழக வாரக்கணக்கில் ஆகும். கூட்டம் குறைவான நேரத்தில் சுலபமான படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். அறையில் மெஷினைத் திருப்பி வைக்க இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

மன அழுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: ப்ரோபை எடுப்பதற்குள் "அடைப்பு இருக்காம்மா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? எக்கோவில் இதய ரத்தக் குழாய் அடைப்பு நேராகத் தெரியாது, இதயச் சுவர் சரியாக அசைகிறதா என்பதுதான் தெரியும். அதை ஒவ்வொருவருக்கும் விளக்கவும் முடியாது. "டாக்டர் பார்த்துட்டு இன்னைக்கு சாயந்திரம் சொல்லிடுவாரு" என்று நேரத்தோடு சொல்லுங்கள். "டாக்டரைக் கேளுங்க" என்பதைவிட அது ஆறுதல் தரும், கேள்வியும் நிற்கும். சின்ன வயசுப் பையனுக்கு பம்பிங் மோசமாக இருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருப்பது பெரிய பாரம். உடனே கார்டியாலஜிஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். பதற்றத்தில் தோளும் பிடியும் இறுகுவதை நீங்களே கவனிக்கலாம்.

வீட்டு வேலையும் கணக்கில் உண்டு. அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறீர்களா? கொஞ்ச நாளைக்கு இடது கையால் அடியுங்கள், இல்லை வீட்டில் வேறு யாராவது அடிக்கட்டும். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்றால் ஆக்ஸிலேட்டரை முறுக்கும் அதே மணிக்கட்டுதான் அங்கேயும் பாடுபடுகிறது.

பயிற்சி கேட்டீர்களே. இரண்டு போதும். இரண்டு தோள்பட்டைப் பலகைகளையும் பின்னால் சேர்த்து, கீழே இறக்கி, ஐந்து விநாடி நிறுத்துங்கள். ஒவ்வொரு பேஷண்டுக்கு நடுவிலும் மூன்று முறை. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடித்து, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, வலிக்காத அளவுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி போட்டுத் தூங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும்.

இதோடு சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே விரல் மரப்புக்குக் காரணமாகலாம். பகலிலும் மரப்பு நிற்காமல் இருந்தாலோ, கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ, கட்டைவிரல் அடியில் சதை வற்றியது போலத் தெரிந்தாலோ, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாவிட்டாலோ தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நரம்பு கடத்தல் சோதனை எழுதித் தருவார். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஓய்வு எழுதினால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

மேனேஜரிடம் மறுபடி போகும்போது வலியைப் பற்றிப் பேசாதீர்கள், பின்னாலிருந்து செல்போனில் எடுத்த அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஒரே ஒரு பொருள் கேளுங்கள்: உயரம் மாற்றும் ஸ்டூல். அது வந்த பிறகு, ஐசியூவுக்கு மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும் எக்கோக்களை ஒருவர் தலையிலேயே கட்டாமல் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.